அடிபடாத மணல்

விண்கல் வந்து மோதிய இடத்தில் கிடக்கும் மணல்மணிகளுக்குள், அந்த அடியின் அழுத்தம் வரிவரியாகப் பதிந்திருக்கும். எரிமலை வெடித்தாலும் பூமியே குலுங்கினாலும் அந்த வரி விழாது. ஆய்வகத்தில் வரி விழுந்த மணிகளை எண்ணுவது அவள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க அடிபடாத மணல் வேண்டும் என்று தினமும் மகளின் ஷூவை உதறி எடுத்துப்போவாள். பூங்கா மணல். மூன்று வருடமாக அதில் எண்ணிக்கை பூஜ்யம்.

செவ்வாய்க்கிழமை மூன்று இருந்தது.

“எதுவோ கலந்திருக்கும். கழுவிட்டு மறுபடி பாருங்க,” என்றார் மேலதிகாரி.

கழுவிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள். மூன்றேதான்.

மாலையில் பூங்காவுக்குப் போனாள். ஆறு வயது மகளின் காலில் மாட்டியிருந்த கம்பிச் சட்டத்தைப் போன வாரம்தான் கழற்றியிருந்தார்கள்.

“அம்மா, நேத்து சொல்லவே மறந்துட்டேன். நான் குதிச்சேன்! ரெண்டு காலாலயும்!”

“எத்தனை தடவைடி?”

“மூணு. இன்னைக்குப் பதினொண்ணு! இப்ப நீ குதிம்மா!”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பை உதறிவிட்டு ஒரே ஒரு முறை குதித்தாள். தெறித்த மணல் மகளின் ஷூவுக்குள் விழுந்தது. மகள் கைதட்டிச் சிரித்தாள்.

மறுநாள் காலை ஷூ மணலை எண்ணினாள். பன்னிரண்டு. அதில் ஒன்று மட்டும் நல்ல குண்டு.