மெசினிடம் தோற்றவன்

ஆடிய ஆட்டம் அத்தனையிலும் முத்துலிங்கம் தோற்றுப்போனான். அதுவும் ஒரு மெசினிடம்.

லியனார்டின் ரேடியோ ரிப்பேர் கடைக்குள் கூடியிருந்தவர்கள் நம்ப முடியாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹட்டன் பஜாரில் அந்த டாங்கிச் சண்டை விளையாட்டில் முத்துலிங்கத்தை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

“தோட்டத்து மூளைக்கு இவ்வளவுதான்டா எட்டும்” என்றான் லியனார்ட். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கடை முழுக்கச் சிரித்தது.

பின்னால் வீட்டு வாசலில் லியனார்டின் மனைவி றோசலின் நின்றுகொண்டிருந்தாள். முத்துலிங்கம் குடையை எடுத்துக்கொண்டு, மழையில் இறங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டான்.

தோல்வியைத் தாங்கத் தெரியாத மனுசன் என்று பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஆண்டியப்பன் சொன்னார். லியனார்டுக்கும் அப்படித்தான் பட்டது.

இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். லியனார்ட் ரேடியோ வேலை பழகி ஹட்டனில் கடை போட்டான். முத்துலிங்கம் தோட்டத்து பெக்டரியிலேயே வேலைக்குச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பஸ் பிடித்துக் கடைக்கு வந்துவிடுவான்.

எண்பத்திரண்டு கடைசியில் லண்டனில் இருந்த மச்சினன் லியனார்டுக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் அனுப்பினான். டிவியோடு மாட்டினால் வேலை செய்யும். கூட வந்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து லியனார்ட் தானே ஒரு விளையாட்டு எழுதினான். திரையில் இரண்டு டாங்கி, நடுவில் சுவர்கள். ஆளுக்கொன்றை ஓட்டி ஒருவரையொருவர் சுட வேண்டும்.

எழுதியவன் லியனார்ட். ஜெயித்தவன் எப்போதும் முத்துலிங்கம்.

முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. செஞ்சவருக்கே ஆடத் தெரியலையே என்று பஜாரில் கிண்டல் தொடங்கிய பிறகு லியனார்டுக்கு உறுத்த ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து, கண்டியில் வீடியோ கேம் கடை திறக்கப்போகும் டக்ளஸ் முதலாளி வந்து விளையாட்டைப் பார்த்தார். தனியாக வருகிறவனோடு ஆட மெசினே ஒரு ஆளாக நிற்க வேண்டும், எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனையும் அது மடக்க வேண்டும், செய்து காட்டினால் கண்டியில் உனக்கு வேலை என்றார்.

லியனார்ட் அதிலேயே மூழ்கிப்போனான். முத்துலிங்கம் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தான். எந்தச் சுவருக்குப் பின்னால் ஒளிகிறான், எப்போது திரும்புகிறான், எப்படி மடக்குகிறான் என்று பார்த்து எல்லாவற்றையும் மெசினுக்குள் ஏற்றினான். எதுக்குடா இப்படிப் பார்க்கிற என்று முத்துலிங்கம் கேட்டதற்கு, உன்னைத் தோக்கடிக்கத்தான் என்றான். முத்துலிங்கம் சிரித்துவிட்டு, இன்னொரு தடவை மெதுவாக ஆடிக் காட்டினான்.

டக்ளஸ் முதலாளியின் கண் முன்னால் முத்துலிங்கம் தோற்ற அன்றே லியனார்டுக்கு வேலை உறுதியானது.

அடுத்த ஞாயிறு முத்துலிங்கம் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கோபம் ஆறினால் தானாக வருவான் என்று விட்டுவிட்டு லியனார்ட் கண்டிக்குப் போனான்.

தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக வேண்டிய குடும்பங்களில் முத்துலிங்கத்தின் குடும்பமும் ஒன்று. நாள் குறித்தாகிவிட்டது என்று ஹட்டனில் இருந்த றோசலின் கண்டிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். கடை திறக்கிற நேரத்தில் லீவு கேட்க லியனார்டுக்குச் சங்கடமாக இருந்தது. தோற்ற கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டவனை நானா தேடிப் போக வேண்டும் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. றோசலின் மட்டும் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினாள்.

கண்டிக் கடை திறந்த மறுநாள், டிக்கெட் கொடுக்கும் இசபெல் மெசினோடு ஆட உட்கார்ந்தாள். எதை அமுக்கினால் நகரும் என்று தெரியாமல் டாங்கியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டாள். மெசினின் டாங்கி குழம்பிப்போய்ச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் தானாகவே அவள் எதிரில் வந்து நின்றது. சுட்டாள், ஜெயித்தாள். மறுபடி ஆடினாள், மறுபடியும் அதே கதை.

ஓடுகிறவனைத் துரத்த மட்டுமே மெசினுக்குத் தெரிந்திருந்தது. சும்மா நிற்கிறவனை என்ன செய்வது என்று லியனார்ட் அதற்குச் சொல்லித்தரவே இல்லை. நல்லவேளை, டக்ளஸ் முதலாளி வருவதற்குள் சரிசெய்துவிட்டான்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தவன் றோசலினிடம் அதைச் சொல்லிச் சிரித்தான்.

“இது மட்டும் முத்துலிங்கத்துக்குத் தெரிஞ்சிருந்தா நான் கண்டிப் பக்கமே போயிருக்க முடியாது.”

றோசலின் சிரிக்கவில்லை.

“அவருக்குத் தெரியும்ங்க” என்றாள். “போட்டி அன்னிக்குக் காலையில நீங்க பூசைக்குப் போயிருந்தப்ப அண்ணன் வந்தாரு. ஆடிப் பார்க்கணும்னு கேட்டாரு, போட்டுக் குடுத்தேன். டாங்கிய நகட்டாமலே வச்சு எல்லா ஆட்டமும் ஜெயிச்சிட்டாரு. மத்தியானம் மொதலாளி வர்றாரு, இனி மாத்த நேரமில்ல, தெரிஞ்சா அவன் ஒடஞ்சிருவான், சொல்லிறாத தங்கச்சின்னாரு.”

முத்துலிங்கம் இந்தியாவில் எந்த ஊருக்குப் போனான் என்றுகூட லியனார்ட் கேட்டு வைத்திருக்கவில்லை.

ஆட்டம் முடிந்த பிறகாவது நீ சொல்லியிருக்கலாமே என்றான்.

“வாயெடுத்தேங்க. தோட்டத்து மூளைன்னு நீங்க சொல்லி எல்லாரும் சிரிச்சப்ப. மொதலாளி இன்னும் உள்ளதான் நின்னாரு. அண்ணன் என்னையப் பார்த்து, வேணாம்னு தலைய ஆட்டிட்டுத்தான் மழையில எறங்கினாரு.”