கவ்பாய் செத்தானா?

"எந்த ஆப்லயும் அந்தப் படம் இல்லப்பா," என்றாள் ஏமி.

"அப்ப சம்பந்தி, தான் சொன்னதுதான் சரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாரு," என்று முகத்தைத் தொங்கப்போட்டார் லியனார்ட்.

மகளின் கல்யாண விருந்தைத் தன் ஊரான செந்தூலில்தான் வைக்க வேண்டும் என்றார் அவர். மாப்பிள்ளை பிரவினின் அப்பா தம்புசாமி, கிள்ளானை விட்டு நகரமாட்டேன் என்றார். சம்பந்தம் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே இந்த இழுபறி. கல்யாணத்தையே தள்ளிப்போடலாம் என்கிற அளவுக்குப் போனபோது, நிச்சயதார்த்த விருந்தில் அது ஒரு பந்தயமாக மாறியது. இருவரும் இளவயதில் அவரவர் ஊர்த் தியேட்டரில் பார்த்த ஒரு கவ்பாய் படம். கடைசியில் நாயகன் பிழைத்துக்கொள்கிறான் என்றார் லியனார்ட். செத்துப்போகிறான் என்றார் தம்புசாமி. யார் சொல்வது சரியோ, அவர் ஊரில் விருந்து.

"டிஸ்க் கெடைக்குதாம். வரவழைக்கவா?"

"வரவழை லா."

ஞாயிற்றுக்கிழமை தம்புசாமி, மகனோடும் ஒரு பொட்டலம் கச்சாங் கடலையோடும் லியனார்ட் வீட்டுக்கு வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தார்.

"சம்பந்தி, கிள்ளான்ல நண்டுக்குச் சொல்லிடவா?"

"மொதல்ல படத்தப் பாருங்க பாஸ்."

கடைசிக் காட்சி. துப்பாக்கி வெடித்தது. நாயகன் தள்ளாடி நிமிர்ந்து, குதிரையேறி மலைப்பக்கம் போனான். லியனார்ட் எழுந்தே நின்றுவிட்டார்.

தம்புசாமி கச்சாங்கைக் கீழே வைத்தார். "நான் பாத்தது இது இல்ல. பிரவின், கெளம்பு."

"இருங்க மாமா. டிஸ்க்ல இன்னொன்னும் இருக்கு," என்று ரிமோட்டை அழுத்தினாள் ஏமி.

அதே துப்பாக்கி மறுபடி வெடித்தது. இம்முறை மண்ணில் சாய்ந்தவன் எழவில்லை.

"ரெண்டு முடிவு எடுத்திருக்காங்க. செந்தூலுக்கு ஒன்னு வந்திருக்கு, கிள்ளானுக்கு ஒன்னு."

"அப்ப நான் சொன்னதும் சரி," என்றார் தம்புசாமி.

"நான் சொன்னதும்தான்."

ஜெயித்த பூரிப்பில் இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

"அப்ப விருந்து நடுவுல. சுபாங் ஜெயா," என்றார் லியனார்ட் தாராளமாக.

"எனக்குச் சம்மதம். ஆனா இனிமே நல்ல மண்டபம் கெடைக்கணுமே."

"அதெல்லாம் கெடைச்சிருச்சுப்பா," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான் பிரவின். "நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடியே சுபாங்ல புக் பண்ணிட்டோம்."

லியனார்ட் மெல்ல மகளைத் திரும்பிப் பார்த்தார். நிச்சயதார்த்தத்தன்று, "அந்தக் கவ்பாய் கடைசியில செத்துட்டானாப்பா?" என்று முதலில் கேட்டதும், வேண்டுமானால் பந்தயம் கட்டுங்கள் என்று எடுத்துக்கொடுத்ததும் அவள்தான்.