கிளிஃபர்டுக்கு ஓர் அஞ்சலி

கிளிஃபர்ட் இன்னும் சாகவில்லை.

ஆனாலும் டெல்மா கிராச்லி கறுப்பு உடுத்தி, பிரைட்டனில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அவனுக்காக அழுதுகொண்டிருந்தாள்.

எதிரே கேமரா.

பெரிய நடிகர் யாராவது படுத்துவிட்டால் தொலைக்காட்சிக்காரர்கள் அஞ்சலியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வார்கள். செத்த அன்று ஆளைத் தேடி அலைய முடியாதே. அதற்காகத்தான் இமோஜென் என்ற பெண் வந்திருந்தாள்.

ஒரு காலத்தில் சனிக்கிழமை மாலையானால் இங்கிலாந்தே இவர்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தது. தொடரில் அவன் புருஷன், அவள் பெண்டாட்டி. வசனமெல்லாம் அவனுக்கு. முகத்தில் அப்பும் சேறும் கஸ்டர்டும் அவளுக்கு. அவள் வழுக்கி விழுந்தால்தான் ஜனங்கள் சிரித்தார்கள். விருது என்னவோ அவன் வீட்டுக்குத்தான் போனது. பிறகு அவனுக்கு 'சர்' பட்டம் வந்தது. அவளுக்கு மூட்டுவலித் தைல விளம்பரம் வந்தது.

"அவரு மாதிரி ஒரு தங்கமான மனுஷன நான் பார்த்ததே இல்ல" என்று விம்மினாள்.

அந்தத் தங்கம், அவளுக்கென்று எழுதிய ஒரே நல்ல நகைச்சுவையையும் ஒத்திகையில் பிடுங்கித் தான் சொல்லிக்கொண்டது. அதை அவள் சொல்லவில்லை. கண்ணீர், விளக்கு வெளிச்சம் விழுந்த கன்னத்தில் மட்டும் இறங்கியது. தொழில் தெரிந்தவள்.

இமோஜெனே மூக்கை உறிஞ்சினாள்.

படப்பிடிப்பு முடிந்து தேநீர் வந்ததும் டெல்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாவம், ரொம்ப முடியவில்லையோ என்று பிஸ்கட்டைக் கடித்தபடி விசாரித்தாள். எப்படியும் அவனுக்குப் பிறகு தான் கொஞ்ச நாளாவது இருப்போம் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு திருப்தி.

"இப்ப தேறிட்டாரு மேடம். போன மாசம் உங்களப் பத்திப் பேசும்போதுதான் குரல் உடைஞ்சுபோச்சு."

சொல்லிவிட்டு இமோஜென் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டெல்மா அவளையே பார்த்தாள். போன மாதம், கேமரா முன்னாலா என்று மெதுவாகக் கேட்டாள். இமோஜென் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

தன் வயிற்றில் வளரும் கட்டியைப் பற்றி டெல்மா ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தாள். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கேமராவ மறுபடி போடு, செல்லம். கிளிஃபர்டப் பத்தி ஒண்ணு ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு."