இரண்டே சீட்டு

"உயிர் கீதுண்ணா. ஆனா எழுப்பணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான் புத்தூர் மெக்கானிக் திருவேங்கடம். வண்டிக்காரர் தணிகாசலம் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். சொந்தப் பெரியப்பா செத்தபோதுகூட அவர் இப்படிக் கலங்கியதில்லை.

மாட்டுக்கொட்டகையில் கிடந்தது அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மேலே கூரை கிடையாது, உள்ளே இரண்டே சீட்டு. சுதந்திரம் வந்த வருஷம், ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் வாங்கியது. சித்தூர் ஜில்லாவிலேயே இப்படி இன்னொரு வண்டி இல்லை என்பது அவருடைய பெருமை. இப்போது அதற்கு மூக்கு நசுங்கி, விளக்கு இரண்டும் போய், டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

ஆந்திர ராஜ்யம் பிறந்து இரண்டரை வருஷமாகியும், நகரிப் பக்கத்து அந்தச் சின்ன ஊர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற வழக்கு தீரவில்லை. ஊரைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி மனு எழுதி, அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு தணிகாசலம் சுற்றாத இடமில்லை. பக்கத்து சீட்டில் எல்லைக் கமிட்டிக் காரியதரிசி அப்பாவு உட்கார்ந்திருப்பார். அப்பாவு வராத நாளில் மனு மூட்டை உட்கார்ந்திருக்கும். போன கார்த்திகையில் தன் தங்கை கல்யாணத்துக்குக்கூட மனைவி ரத்தினம்மா மாட்டு வண்டியில்தான் போனாள். மூட்டையைக் கீழே இறக்கினால் மனுக்களின் வரிசை கலைந்துவிடும் என்று அப்பாவு சொல்லிவிட்டார்.

அப்புறம் தை மாதத்தில் ஒரு நாள், தெலுங்கில் ஊர்ப்பெயர் வெட்டி நட்டிருந்த புதுக் கல்லில் வண்டி போய் மோதியது. கல் இரண்டாக உடைந்தது. வண்டி நொறுங்கியது. தணிகாசலத்தின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு கட்சி அவரை வீரர் என்று மாலை போட்டது, இன்னொரு கட்சி போலீசில் பிராது கொடுத்தது.

"நெசமாவே கல்ல ஒடைக்கத்தான் போனீங்களாண்ணா?"

தணிகாசலம் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாருகிட்டயும் சொல்லாத. ஸ்டியரிங் தானா திரும்புச்சு. யாரோ புடிச்சி இழுத்தா மாரி."

"ஸ்டியரிங்குல ஒரு கோளாறும் இல்லியே. பிரேக்கும் நல்லாத்தான் கீது." திருவேங்கடம் தலையைச் சொறிந்தான். "கமிட்டில இன்னா சொல்றாங்க?"

"அப்பாவு அப்டியே வுடணும்ன்றாரு. எல்லைய விசாரிக்க ஆபீசர் வந்தா சாட்சியாக் காட்டணுமாம்."

"இன்னாத்துக்கு சாட்சி?"

"அத நான் கேக்கல."

"எழுப்பலாம்ணா. சாமான் பம்பாய்லேர்ந்து வரணும், ஆறு மாசம் புடிக்கும். நம்பரு பலகை மெட்ராஸ் நம்பராவே இருக்கட்டுமா?"

"எல்லை முடிவாவற வரைக்கும் முன்னாடி மெட்ராஸ், பின்னாடி ஆந்திரான்னு போட்டு வையி."

"சரி. அண்ணியக் கேட்டீங்களா?"

அதுதான் தணிகாசலத்தை அரித்துக்கொண்டிருந்த விஷயம். கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மோதிய மறு வாரமே ரத்தினம்மா திருப்பதிக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பெண்கள் வழக்கமாக மூன்று கற்றை மட்டும் கொடுத்து, பூமுடி என்று முடித்துக்கொள்வார்கள். அவள் இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி முழுவதையும் கொடுத்துவிட்டாள். கேட்டதற்கு, "வேண்டுதல்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. புருஷன் உயிருக்காக மொட்டை போட்டுக்கொண்டவளின் எதிரில், அந்த உயிரை வாங்கப் பார்த்த வண்டியை எந்த முகத்தோடு ஓட்டுவது?

ஓட்டாமலும் இருக்க முடியவில்லை. முன்பெல்லாம் அவர் தெருவில் திரும்பினால் பத்து நாய் துரத்தும். இப்போது நடந்து போகிறவரை ஒரு நாய்கூடத் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. அந்த அவமானத்தை யாரிடம் சொல்லுவார், பாவம்.

அந்த நேரத்தில் ரத்தினம்மா மோர்ச் செம்போடு வந்தாள். முந்தானையை முக்காடாகப் போட்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் தணிகாசலத்தின் மனசு இளகிவிட்டது. இந்த வண்டியில் ஒரு நாளாவது இவளை ஏற்றியிருக்கிறோமா என்று யோசித்தார். ஏற்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே முடிவும் பிறந்துவிட்டது.

"திருவேங்கடம், எழுப்பிடு. ரத்தினம், நீயும் கேட்டுக்கோ. மொத சவாரி திருப்பதிக்குத்தான். பக்கத்து சீட்டுல நீதான் குந்தற. அப்பாவு வேணும்னா பஸ்ஸுல வரட்டும். இனிமே அது ஒன் சீட்டு."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. தாம் சொன்னது தமக்கே ரொம்பப் பிடித்துப்போய், தணிகாசலம் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இத நீங்க கார்த்திகையிலயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் அவள்.

"கார்த்திகையிலியா? வண்டி மோதினதே தையிலதானே?"

ரத்தினம்மா முக்காட்டுக்குள் கையை விட்டு, முள்ளுமுள்ளாக முளைத்திருந்த தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"மோதினது தையில. நான் ஏழுமலையான்கிட்ட வேண்டிக்கினது கார்த்திகையில. முழு முடியும் குடுத்துடறேன், எங்க வூட்டுக்காரரு மேல ஒரு கீறல் விழாம, வண்டி மட்டும் நொறுங்கணும்னு."