கழித்தல் குறி

கொன்ஸ்ரன்ஸ் கொள்ளுப்பிட்டி அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறைக்குள் மூச்சு வாங்க நுழையும்போது பத்தரை தாண்டிவிட்டது. வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் மறித்துவைத்துவிட்டார்கள். இயந்திரத்தில் அவளுடைய முறை ஒன்பது மணிக்கு. இன்றைக்குள் புரோகிராம் ஓடாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. குளிரூட்டியின் இரைச்சலுக்குள் பக்கத்து மேசை ஸமீமா நிமிர்கிறாள். "உங்கட ஒன்பது மணிய நான் எடுத்துட்டேன். என்ட பதினொரு மணி உங்களுக்கு." கொன்ஸ்ரன்ஸ் பையைக் கீழே வைத்துவிட்டு உட்காருகிறாள். நேற்று அச்சாகி வந்த மடிப்புத்தாளை விரித்து, புரோகிராமை இயந்திரமொழிக்கு மாற்றும் அசெம்ப்ளர் பிழையென்று திருப்பிய வரியில் விரலை வைக்கிறாள். இரண்டு நினைவக முகவரிகளைக் கூட்டியிருக்கிறாள். புரோகிராம் நினைவகத்தில் எங்கே போய் இருக்குமென்று முன்கூட்டித் தெரியாது. முகவரிகளைக் கூட்டுவதில் பொருளில்லை, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இடையிலுள்ள நீளம் எங்கே வைத்தாலும் மாறாது. "நீளம்தானே வேணும்?" என்கிறாள் ஸமீமா. "ஓம்." கூட்டலைக் கழித்தலாக்கி அந்த வரிக்குரிய துளையட்டையைப் புதிதாக அடித்து, பதினொரு மணிக்கு அட்டைக்கட்டோடு இயந்திரத்தில் போடுகிறாள். பதினொன்று பத்துக்கு அச்சுப்பொறி கடகடத்து ஓய்கிறது. கடைசி வரியில் பிழைகள் பூச்சியம். கொன்ஸ்ரன்ஸ் போய் ஸமீமாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். ஸமீமா அவளுக்குக் கொடுக்க மற்றக் கையால் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்கப் பார்க்கிறாள். ஒற்றைக் கையால் முடியவில்லை. கொன்ஸ்ரன்ஸ் இன்னும் விடவில்லை.