பாலுக்குப் பதில்

கடைசிக் குழாயை மாட்டினார்கள்.

இருநூறு அடிக்கு மேல் இறக்க மிஷினில் குழாய் இல்லை. நூற்று எண்பது வரை வந்தது வெறும் புழுதி. வெங்கச்சங்கல் பாறை பொடிந்து மாவாகப் பறந்ததில், சுற்றி நின்ற ஊரே விபூதி பூசிய பண்டாரமாக இருந்தது.

சித்தையன்கோட்டைக்குக் கிழக்கே, மழை மறந்துபோன எங்கள் ஊருக்கு அந்த மிஷின் வந்தது அறுபத்தெட்டாம் வருஷம் வைகாசியில். அது போட்ட சத்தத்தில் எங்கள் ஊர்ச் சேவல்கள் மூன்று நாள் கூவவில்லை. வெட்கம்.

அதற்கு முன் மூன்று வருஷம் எங்களுக்குப் பால்தான் வந்தது. கடல் தாண்டி, மூட்டையில், பவுடராக. காலையில் அண்டாவில் கரைத்து ஊற்றுவார்கள். டம்ளரோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுடைய தம்பி தங்கைகள் அதே டம்ளரோடு அதே வரிசையில் நின்றார்கள். கிணறுகள் மட்டும் பிளந்த வாயை மூடவில்லை.

மாசியில், பவுடர் அனுப்பும் நாட்டிலிருந்து ஒரு துரை வந்து ஊரைக் கூட்டினார். எங்கள் அரசாங்கத்தால் இனி ஒன்றுதான் தர முடியும், பவுடரா, பாறையைத் துளைக்கும் மிஷினா, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ஒன்பது வருஷம் சமைத்தவன் என்பதால் துபாஷி வேலை என் தலையில் விழுந்தது. என்னுடைய இங்கிலீஷ் முட்டை அவிக்கும் அளவுக்குத்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டு அரசாங்கத்துக்கு நடுவில் நின்றேன்.

ஊர் ஒருத்தர் பாக்கியில்லாமல் பாலுக்குக் கை தூக்கியது. ஜக்கம்மாள், இடுப்பில் இருந்த பிள்ளையின் கையையும் சேர்த்துத் தூக்கினாள்.

வந்தது மிஷின்.

அந்த அரசாங்கம் அப்படி முடிவு பண்ணிவிட்டது, நாம் என்ன செய்ய முடியும் என்று ஊருக்குச் சொன்னவனும் நான்தான். பவுடர் தீர்ந்து பதினொரு நாள். நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்குக் கூழின் தெளிவு மட்டும். இந்தக் குழியில் தண்ணீர் இல்லையென்றால் மிஷின் அடுத்த ஊருக்குப் போய்விடும். பாலும் போனது, தண்ணீரும் போனது என்று உட்கார வேண்டியதுதான்.

"தண்ணி வரலேன்னு வையிண்ணே," என்றாள் ஜக்கம்மாள், அன்றைக்கும். "அந்தக் குழிய உன்னய வச்சுத்தான் அடைப்பேன்."

ஆறு அங்குலக் குழிதான். நான் அப்போது அதற்குள் போகிற ஆள்தான்.

மிஷின் ஓட்டியவர் பேகம்பூர் சேக் பரீது. கடைசிக் குழாய் பாதி இறங்கியிருக்கும்போது கையை உயர்த்தினார். சத்தம் மாறியிருந்தது. அரைக்கிற சத்தம் போய், கொப்பளிக்கிற சத்தம்.

பிறகு அது வந்தது.

வெள்ளை வெளேரென்று, இரண்டு பனை உயரத்துக்கு. அந்த வழியாகப் பறந்த காக்கை ஒன்று அந்தப் பக்கம் கொக்காகப் போனது. நான் பார்த்தேன்.

ஊர்ப் பெரியவர் உடையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சிலர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார்கள். இம்மாம் பெரிய ஒன்றின் மேலேயா இத்தனை வருஷம் தாகத்தோடு நடந்தோம்?

யாரும் சொல்லாமலே பிள்ளைகள் வீட்டுக்கு ஓடினார்கள். டம்ளரோடு திரும்பி வந்தார்கள். சின்னதுகள் முன்னால், பெரியதுகள் பின்னால். வரிசை.

மூன்று வருஷப் பழக்கம். வெள்ளையாக எது வந்தாலும் அவர்களுக்கு அது பால்.

"தாயி, அது கல்லு மாவு. செத்த நேரம் பொறுங்க, தெளியட்டும்," என்றார் சேக் பரீது.

ஜக்கம்மாள் கேட்கவில்லை. முதல் டம்ளரைப் பிடித்து நாக்கில் வைத்தாள்.

"சீனி பத்தல," என்றாள். அப்புறம் டம்ளரைப் பிடித்தபடியே அழுதாள்.

தண்ணீர் தெளிந்தது. கண்ணாடி போல வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் அதற்கு அடியில் கையை நீட்டி, எடுக்க மறந்து நின்றார்கள்.

மிஷினோடு திரும்பி வந்திருந்த துரை தொப்பியைக் கழற்றினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஊரைப் பார்த்து நெடுநேரம் பேசினார்.

எனக்குப் புரிந்தவரை அவர் சொன்னது இது. பால் வேண்டாம், மிஷின் கொடுங்கள் என்று இந்த ஊரில் அத்தனை கையும் உயர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கைக்குழந்தையின் கைகூட உயர்ந்தது. அதை எழுதி அனுப்பினேன். எங்கள் தலைநகரத்துச் சபையில் அதை வாசித்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்களாம். இனி எந்த நாட்டுக்கும் மூட்டை அனுப்புவதில்லை, அவரவர் காலில் நிற்க வழி செய்வதுதான் உதவி என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

ஊரே என் வாயைப் பார்த்தது.

"என்னண்ணே சொல்றாரு?" என்றாள் ஜக்கம்மாள்.

"பால் குடுக்க முடியலையேன்னு வருத்தப்படுறாரு தாயி."

அவளுக்கு மனசு இளகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவ வேண்டாம்னு சொல்லுண்ணே."

சொன்னேன். அது ஒன்றை மட்டும் ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தேன்.