கரடிக்குக் குளியல்

"கரடியத் தண்ணில முக்கறியே, கொயந்தைய ஒரு வார்த்த கேட்டியாடி?"

மாமியார் பூவம்மாள் பதறிய பதற்றத்தில், அது பஞ்சுப் பொம்மை என்பதே சுமலதாவுக்கு ஒரு கணம் மறந்துபோனது.

"கேட்டா உடுமா அத்த? அதுல இருக்கற தூசிக்கு வுடிய வுடிய தும்முது."

கரடியைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, ஷாம்பு கலந்த தண்ணீரில் மெல்ல அமுக்கினாள்.

"இன்னாடி தடவிக் குடுக்கற? வெந்நி ஊத்தி அடிச்சித் தொவ."

"கண்ணு பேந்துடும். அப்பறம் நீங்கதான் மடியில போட்டுக்கினு சமாதானம் பண்ணணும்."

"ராவுக்குள்ள காயலன்னா?"

"வேற பொம்ம குடுக்கலாம்."

"போன தடவ குடுத்தியே, தூக்கிக் கடாசிட்டுக் குப்புறப் படுத்துக்கிச்சே!"

சுமலதா கரடியைத் துண்டில் சுற்றி அழுத்தி, ஃபேனுக்குக் கீழே மல்லாத்தினாள். சாயங்காலமாகியும் தொப்பை மட்டும் காய மறுத்தது.

வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"கொயந்த வந்துடிச்சிடி!" என்று பூவம்மாள் கையைப் பிசைந்தாள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கும் சூப்பர்வைசர் வசந்தகுமார், ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து கரடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். ஈரம். பெண்டாட்டியை முறைத்தான். பிறகு கரடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டான்.